கடல் கடந்தோரும் அவர் காத்தனவும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நாயாற்றைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவி ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



"நல்ல பொருள் ஒன்றைப் பற்றிப் பேசும், ஆனால் நீட்ட வேண்டாம்" என்று செயலாளர் அண்ணா எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார். முதற் பாதியை நிறைவேற்ற முயல்வேன். மற்றப் பாதிக்கு உறுதி கூற முடியாததற்காக அவர் என்னைப் பொறுத்தருள வேண்டும்.

நான் மிஷன் பள்ளியிலே படித்தவள் என்பது இங்குள்ள பலருக்குத் தெரியும். சைவப் பிள்ளையாக வீட்டில் திருநீறு பூசிச் சென்று, வேதபாட வகுப்பிலே மற்றப் பிள்ளைகளுடன் அமர்ந்து யாத்திராகமம் கேட்டவள். எகிப்து தேசத்தில் அடிமைப்பட்டிருந்த மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறியதும், மோசே கையை நீட்டக் கடல் இரு பக்கமும் மதிலாக நின்று அவர்களுக்கு வழிவிட்டதும் ஆகிய கதையை முதன்முதல் கேட்டபொழுது எனக்கு வயது எட்டு. அப்பொழுது நாங்கள் தமிழ்நாட்டில் ஒரு முகாமிலே இருந்தோம். நான் எழுந்து நின்று, "டீச்சர், எங்கட அம்மம்மாவும் கடலைத் தாண்டித்தான் வந்தவ. ஆனால் கடல் விலகேல்லை. படகுக்காரனுக்குத் தோட்டைக் கழற்றிக் குடுத்தவ" என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. "அதையும் ஒரு நாள் எழுது" என்றார். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அன்று கிடைத்தது என்றே கொள்ளலாம்.

கடல் வழியாக வந்த ஓர் அகதியின் கதை இவ்வூராருக்குப் புதிதன்று. வற்றாப்பளை அம்மாளின் வரலாற்றைப் பெரியோர்களுக்கு நான் எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலாகும். எனினும் முன்வரிசையில் இருக்கும் சிறுவர்களுக்காகச் சிறிது கூறுகிறேன். மதுரையை எரித்த கண்ணகை சினம் ஆறாதவளாய்க் கடல் கடந்து இலங்கைக்கு வந்தாள். ஒன்பது இடங்களிலே தங்கிப் பத்தாவதாக நந்திக்கடற் கரைக்கு ஒரு கிழவி வடிவிலே வந்து சேர்ந்தாள். பத்தாம் பளையே வற்றாப்பளையாயிற்று என்பர். அங்கே மாடு மேய்த்த சிறுவர்கள் அக்கிழவியைக் கண்டு, இலை தழைகளாற் பந்தலிட்டு, புக்கை பொங்கிக் கொடுத்தனர். பொழுதுபட்டதும் விளக்கேற்றச் சொன்னாள். எண்ணெய் இல்லையே என்றனர். கடல்நீரை விட்டு ஏற்றுங்கள் என்றாள், எரிந்தது. தலை கடிக்கிறது, பேன் பாருங்கள் என்றாள். பார்த்த சிறுவர்கள் தலை முழுவதும் கண்களாக இருக்கக் கண்டு திகைத்தனர். பின் அவளைக் காணவில்லை.

இக்கதையை நாம் அம்மாளின் அற்புதம் எனக் கேட்டுப் பழகிவிட்டோம். நான் இம்முறை ஊரிலே கேட்டபொழுது வேறொன்று மனத்திற் பட்டது. கணவனை இழந்து, நாட்டை இழந்து, கையில் ஒன்றுமின்றிக் கடல் கடந்து வந்த ஒருத்தியை, "நீ யார், எவ்விடம், என்ன குலம்" என்று கேளாமல் ஏற்றவர்கள் மாட்டுக்காரப் பொடியன்கள். உடையாரும் மணியகாரரும் அந்த இடத்தில் இருந்திருப்பின் முதலிற் பெயரைப் பதிந்திருப்பார்கள் என்று எண்ணுகிறேன். இது என் குறும்பு, பெரியோர் மன்னிக்க. சிலப்பதிகாரம் இலங்கைக் கயவாகு வேந்தனைப் பத்தினி வழிபாட்டோடு தொடர்புபடுத்துகிறது. சிங்கள மக்களும் அவளையே பத்தினித் தெய்யோ என்று இன்றும் வணங்குகின்றனர். ஆகவே கடல் கடந்து வந்தவள் இந்நாட்டின் இரு மக்களுக்கும் தாயானாள்.

இனி எங்கள் கடப்பைப் பற்றிச் சொல்லுகிறேன்.

1984ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய், நாயாறு ஆகிய ஊர்களிலிருந்த நம்மவர் இராணுவத்தால் வெளியேற்றப்பட்டனர். மாரிகாலம். நாயாறு பெருகிக் கடலோடு கலக்கும் காலம். என் அம்மம்மா கைக்குழந்தையையும் ஒரு பானை நெல்லையும் எடுத்துக்கொண்டு செம்மலை, அளம்பில் வழியாக நடந்தார். நெல் அளம்பிலோடு தீர்ந்தது. பின்னர் முல்லைத்தீவிலும் முள்ளியவளையிலும் உறவினர் வளவுகளில் ஆறு ஆண்டுகள். 1990 யூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டபொழுது, உயிலங்குளம் வழியாக மன்னார்க் கரைக்குச் சென்றார்கள். பேசாலையிலும் மடுவிலும் ஐக்கிய நாடுகள் அகதிகள் நிறுவனம் அந்த ஆண்டிலே தஞ்ச நிலையங்களைத் திறந்தது. அங்கே தங்கியவர்கள் பலர். கடலைப் பார்த்தவர்களும் பலர். பார்த்தால் அக்கரை இருபது மைல்கூட இல்லை.

இரவிலே படகு. பத்துப் பேருக்குரிய படகில் முப்பது பேர். குழந்தைகள் அழாதிருக்கச் சீனி நனைத்த துணியைச் சூப்பக் கொடுத்தார்களாம். படகுக்காரர் இராமர் அணையின் மணல் திட்டு ஒன்றிலே இடுப்பளவு நீரில் இறக்கிவிட்டு, "விடிஞ்சால் ஆள் வரும்" என்று சொல்லித் திரும்பிவிட்டார். விடிந்து வெயில் ஏறி, தண்ணீர் தீர்ந்து, பிற்பகலிலேதான் இராமேசுவரத்து மீனவர் ஒருவரின் வள்ளம் வந்தது. அவர் தம் சோற்றுப் பாத்திரத்தை முதலிற் பிள்ளைகளிடம் நீட்டினாராம். இன்னொரு படகு வரவேயில்லை. அதில் வந்தவர்களின் பெயர்களை அம்மம்மா விளக்கு வைக்கும்பொழுது சொல்லுவார். நான் அவற்றை ஈண்டுச் சொல்லவில்லை.

1983 யூலைக்குப் பின் 1987 வரை இவ்வாறு கடல் கடந்து தமிழ்நாடு சென்றோர் ஏறத்தாழ 134,000 பேர். 1989க்குப் பின் சென்ற இரண்டாம் அலையில் ஏறத்தாழ 122,000 பேர். 1996இலும் 2006இலும் மேலும் அலைகள் எழுந்தன. எல்லாவற்றையும் கூட்டினால் மூன்று இலட்சத்தைத் தாண்டும். கணக்கு இவ்வளவில் நிற்க.

இவர்களிற் பெரும்பாலோர் முதலிற் கண்ட இடம் மண்டபம் முகாம். அதன் வரலாறு சிந்திக்கத் தக்கது. வெள்ளையர் காலத்திலே இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற தமிழ்நாட்டு மக்களைத் தொற்றுநோய்க்காகத் தடுத்துவைத்துப் பரிசோதித்த இடம் அதுதான். அதனை நடத்தியது இலங்கை அரசாங்கம். 1964இலே சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் ஆயிற்று. 525,000 பேரை இந்தியா ஏற்பதென எழுதினார்கள். அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி, தாம் ஒருநாளும் கண்டிராத 'தாய்நாட்டிலே' இறங்கியபொழுது அவர்களை வரவேற்றதும் மண்டபமே. 1983க்குப் பின் நாங்கள் சென்றதும் அங்கேதான். இக்கரைக்கு ஆள் அனுப்பிய வாசலே அக்கரைக்கு ஆள் எடுத்த வாசலாயிற்று. வன்னியிலே நம் அயலில் குடியிருக்கும் மலையகத்து மக்கள் இதனை நம்மிலும் நன்றாக அறிவார்கள். அவர்களை நாம் 'வந்தவர்கள்' என்று சொல்லிய நாட்களும் உண்டு. அதை இங்கே மறைப்பது முறையன்று.

மண்டபத்திலிருந்து எங்கள் குடும்பத்தை உள்மாவட்டம் ஒன்றிலுள்ள முகாமுக்கு அனுப்பினர். அங்கே கடல் இல்லை. கடலின் இரைச்சலிலே உறங்கிப் பழகியவர்களுக்கு முதல் மாதம் உறக்கம் வரவில்லையாம். பத்தடிக்குப் பத்தடி அறை. அதற்குள் சமையல், படுக்கை, படிப்பு, சாமி எல்லாம். உதவிப் பணமும் மலிவு அரிசியும் உண்டு. நாள் குறித்துத் தலை எண்ணுவார்கள். எண்ணும்பொழுது இல்லாதவரின் பெயர் வெட்டுப்படும். 1991 மே மாதத்திலே ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பின்னர் அந்தக் கட்டுப்பாடு மிகவும் இறுகிற்று. சில காலம் பள்ளிக் கதவும் அகதிப் பிள்ளைகளுக்கு மூடப்பட்டது. அக்காலத்தில் முகாம்களுக்குள்ளே மாலை வகுப்பு நடத்திக் கல்வியைக் காத்தவர்களில் செல்வநாயகம் அவர்களின் மகன் சந்திரகாசன் தொடக்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தார் முக்கியமானவர்கள். நானும் பின்னாளில் அத்தகைய மாலை வகுப்பொன்றிலே கூட்டல் கழித்தல் படித்தவள்.

கதி இல்லாதவர் அகதி. ஆண்டவன் முன்னிலையில் நம் முன்னோர் தம்மைக் கதியற்றவர் எனச் சொல்லிக்கொண்டது பக்தி. அதே சொல்லை ஒரு குழந்தை பிறந்த நாளிலேயே அதன் பெயருக்கு முன்னால் எழுதுவது வேறு. 2021ஆம் ஆண்டு ஓகஸ்டிலே தமிழ்நாட்டு முதலமைச்சர் ஸ்டாலின் அவர்கள், இனி அவை அகதிகள் முகாம் அல்ல, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று அறிவித்தார். அவ்வேளையிலும் முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் இருந்தனர். அவர்களிற் பலர் அங்கேயே பிறந்தவர்கள்.

நான் மிகவும் சொல்ல விரும்புவது இனித்தான் வருகிறது. கையில் ஒன்றுமில்லாமற் போனவர்கள் எதைக் கொண்டு போனார்கள்?

வைகாசி வந்தால் அம்மம்மாவுக்கு இருப்புக் கொள்ளாது. பாக்குத்தெண்டல் முடிந்திருக்கும், இன்று தீர்த்தம் எடுப்பார்கள், காட்டா விநாயகரிலே விளக்கு எரியும் என்று நாட்களை விரலில் எண்ணுவார். சிலாவத்தைக் கரையிலே கடல்நீர் எடுத்து முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோவிலுக்குக் கொண்டுவந்து அந்நீரில் விளக்கெரிப்பதும், பின் திங்கட்கிழமையிலே வற்றாப்பளைப் பொங்கலும் நமக்கு இயல்பாக நடப்பவை. கடலே இல்லாத ஊரிலே என்ன செய்வது? அவர் கிணற்றுநீரிலே கல்லுப்பைக் கரைத்து மண்சட்டியில் வைத்தார். அதன்மேல் ஒரு சிரட்டையளவு நல்லெண்ணெய் விட்டுத் திரியிட்டார். வரிசையில் இருந்த மன்னார்ப் பெண்களும் திருகோணமலைப் பெண்களும் வந்து கூடினர். எண்ணெய் விட்டதைக் கண்ட ஒரு பொல்லாத பெடியன், "அம்மாச்சி, இது உப்புத்தண்ணியிலை எரியேல்லையே" என்றான். அம்மம்மா மறைக்கவில்லை. "உப்புத்தண்ணியிலை எரிஞ்சால் அது அம்மாளின்ரை வேலை. எண்ணெயிலை எரிஞ்சால் அது எங்கட வேலை. எங்கட வேலையை நாங்கள் செய்வம்" என்றார்.

அந்தச் சட்டிவிளக்கு இருபத்திரண்டு வைகாசி எரிந்தது.

அடுத்தது கூத்து. முல்லைமோடியிலே கோவலன் கூத்து ஆடுவது நம் பகுதிக்கே உரிய செல்வம். எங்கள் முகாமிலே முதிய அண்ணாவியார் ஒருவர் இருந்தார். ஏட்டையோ கொப்பியையோ அவர் கொண்டுவரவில்லை. நினைவில் இருந்ததை மாத்திரம் கொண்டுவந்தார். முகாம் ஆண்களுக்குக் கிடைத்த பிழைப்பு பெரும்பாலும் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பது. ஆகவே வெறும் பெயின்ட் வாளி மத்தளமாயிற்று. மட்டையில் வெட்டிய முடிகளுக்கு மிஞ்சிய தங்கநிறப் பெயின்ட் பூசினார்கள். பாண்டியனாக ஆடிய பையன் தமிழ்நாட்டிலே பிறந்தவன். அவன் வாயில் நம் பாட்டு மதுரைப் பேச்சின் சாயலோடு வந்தது. பாண்டியனுக்கு அது பொருத்தந்தானே என்று அண்ணாவியார் விட்டுவிட்டார். அவர் சொல்லச் சொல்ல என் அம்மா ஒரு கொப்பியிலே எழுதினார். அண்ணாவியார் அந்த மண்ணிலேயே காலமானார். கொப்பி எங்கள் வீட்டில் இருந்தது.

நாங்கள் 2012இலே திரும்பினோம். சிறிது முன்னர், 2011 ஒக்டோபரிலே, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலிலும் முப்பத்தேழு பேர் திரும்பினர். கப்பலில் சாமான் கூடுதலாகக் கொண்டுவரலாமென்று நாங்களும் காத்திருந்தோம். அக்கப்பற் சேவை நிலைக்கவில்லை. விமானத்திலே ஆளுக்கு இத்தனை கிலோ என்று அளந்தார்கள். அம்மம்மா ஆட்டுக்கல்லை விட்டுவிட்டு, சட்டியையும் கொப்பியையும் எடுத்தார்.

இங்கே வந்து பார்த்தால், நாங்கள் இருந்த நாட்டிலே நாங்கள் கேட்டறிந்த துயரத்தை இவ்வூரார் நேரில் அனுபவித்திருந்தனர். 2009இலே பெப்ரவரி தொடக்கம் மே மாதம் ஒன்பதாம் திகதி வரை செஞ்சிலுவைச் சங்கம் நம் மாவட்டக் கரையிலிருந்து காயமடைந்தோரையும் உடன் சென்றோரையும் கப்பலிலே அகற்றிற்று, பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர். கரையிலிருந்து சிறு வள்ளங்களிலே கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றினார்கள். திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் சென்ற அக்கப்பல் நம் நாயாற்றுக்கு வெளியேதான் கடந்து போயிற்று. என் பெரியம்மா காயம்பட்ட மகனோடு அதில் இருந்தார். இருபத்தைந்து ஆண்டுகளாகக் காணாத ஊரின் பனைகளை அவர் கப்பலின் விளிம்பிலிருந்து தூரத்திலே கண்டாராம். "எங்கட ஊரைக் கடலிலை இருந்து பார்த்திட்டன், கரையிலை இருந்து பார்க்கேல்லை" என்பார்.

ஆகவே, 'இருந்தவர்கள்' என்றும் 'போனவர்கள்' என்றும் ஊர் இரண்டாயிற்று. நான் சென்ற பாடசாலையிலே என்னை 'இந்தியாக்காரி' என்றார்கள். "புரியல" என்று நான் சொன்னால் பின்வரிசை முழுவதும் "புரியல, புரியல" என்று பாடும். அங்கே 'சிலோன் பொண்ணு', இங்கே 'இந்தியாக்காரி'. அது பிள்ளைகளின் விளையாட்டு. அதனை நான் பெரிதாக எடுக்கவில்லை. பெரியவர் ஒருவர் என் தாயாரைப் பார்த்து, "நீங்கள் தப்பிப் போட்டியள், நாங்கள் எல்லாத்தையும் குடுத்தனாங்கள்" என்று சொன்னது வேறு. அதற்கு அம்மா பதில் சொல்லவில்லை. நானும் இன்றுவரை தக்க பதில் கண்டிலேன். அவர் சொன்னதில் உண்மை உண்டு. 2009ஐ நாங்கள் தொலைக்காட்சியிலே பார்த்து அழுதவர்கள். அவர்கள் பதுங்குகுழியிலே இருந்தவர்கள். இரண்டும் ஒன்றென்று யார் சொன்னாலும் நான் ஒப்பேன்.

ஆயினும் ஒன்று நடந்தது. முள்ளியவளைப் பக்கத்திலே கூத்துப் பழக்கும் முதியவர் ஒருவரிடம் அம்மா அந்தக் கொப்பியைக் கொண்டுபோனார். அவருடைய கொப்பி முள்ளிவாய்க்காலிலே ஒரு பதுங்குகுழியில் புதைந்துபோயிற்று. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு மணிநேரம் வாசித்தார். முதலிற் சண்டை பிடித்தார். "இந்த மூண்டு பாட்டும் எங்கடையில்லை, மன்னார்க்காரன் ஆரோ புகுத்தினவன்" என்றார். அது மெய்யாயிருக்கலாம், ஒரே தண்ணீர்க்குழாயிலே நின்றவர்கள் பாட்டையும் மாற்றிக்கொள்ளத்தானே செய்வார்கள். பின்னர் ஓரிடத்திலே நிறுத்தி, விரலை வைத்துக்கொண்டு, நெடுநேரம் பேசாதிருந்தார். பொற்கொல்லன் வரும் பகுதியிலே தமக்கு மறந்துபோயிருந்த ஆறு பாட்டுகள் அங்கே இருந்தன. கொப்பியில் இல்லாத கடைசிப் பகுதி அவருக்கு மனனம். இருவரும் சேர்ந்து முழுமையாக எழுத மூன்று மாதம் ஆயிற்று.

உலகத்திலே கடல்வழி ஓடியவர்கள் நாம் மாத்திரம் அல்லர். 1975க்குப் பின் வியட்நாமியர் இலட்சக்கணக்கிற் படகேறினர். 1986 ஓகஸ்டிலே உயிர்காப்புப் படகு இரண்டில் மிதந்த 155 தமிழரைக் கனடாவின் நியூபவுண்ட்லாந்து மீனவர் கண்டு காப்பாற்றினர். 2022 நவம்பரிலே மூழ்கும் நிலையிலிருந்த படகிலிருந்து, பெரும்பாலும் தமிழராகிய 303 இலங்கையரை ஒரு ஜப்பானியக் கப்பல் மீட்டு இறக்கிய இடம் எது தெரியுமா? வியட்நாம். எங்கும் முதலிற் கை கொடுப்பவர் மீனவராகவோ கப்பலோட்டியாகவோ இருப்பதைக் கவனியுங்கள். அரசாங்கங்கள் பிறகு வருகின்றன.

2024 டிசெம்பர் மாதத்திலே நம் கரையிலேயே ஒரு படகு வந்தது. மியன்மாரிலிருந்து ஓடிய ரோகிங்கியா மக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர், பிள்ளைகளும் கர்ப்பவதிகளும் உட்பட, முள்ளிவாய்க்காற் கடலிலே தத்தளித்தனர். முதலிற் கண்டவர்கள் நம் மீனவர். ஊரார் சோறும் தண்ணீரும் கொண்டு ஓடினர். அவர்கள் பேசிய மொழி ஒருவருக்கும் விளங்கவில்லை. அவர்கள் நம் சமயத்தவரும் அல்லர். பின்னர் அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுபோய், மீண்டும் நம் மாவட்டத்திலே கேப்பாபுலவு விமானப்படை முகாமில் வைத்தனர். அன்று சோற்றுப் பானையோடு ஓடிய பெண்களில் ஒருவர், என் தாயாரிடம் "நீங்கள் தப்பிப் போட்டியள்" என்று சொன்ன பெரியவரின் மகள். அச்செய்தியை அம்மம்மாவுக்குச் சொன்னேன். "இந்தக் கரைக்கு அது பழக்கம்" என்றார். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

சங்கத்தாருக்கு என் விண்ணப்பம் இரண்டு. நம் பகுதியிலே முகாம்களிலிருந்து திரும்பிய குடும்பங்கள் பல உண்டு. அவர்களிடம் ஒரு கொப்பியோ, ஒரு தாலாட்டோ, மன்னாரிலோ மண்டபத்திலோ கற்றுவந்த ஒரு பாட்டோ இருக்கும். கேட்டவர் இல்லாமையால் அவை பெட்டியிலே கிடக்கின்றன. ஒலிப்பதிவு செய்யக் கைப்பேசி போதும். வேண்டியது வீடு வீடாகப் போக நாலு பேர். மற்றது, அடுத்த வைகாசிக்குக் கோவலன் கூத்தைச் சங்கத்துப் பிள்ளைகள் ஆடவேண்டும் என்பது. அண்ணாவியார் இசைந்திருக்கிறார். மன்னார்க்காரரின் மூன்று பாட்டையும் நீக்கவேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. நீக்கக்கூடாதென்பது என் தாயாருடைய பிடிவாதம். அந்த வழக்கைச் சபைப் பெரியோர்களே தீர்த்துத் தரவேண்டும்.

முகாமிலே பாண்டியனாக ஆடிய பையன் இப்பொழுது அளம்பிலிலே கரைவலை இழுக்கிறார். பேச்சிலே மதுரைச் சாயல் இன்னும் போகவில்லை. கேட்டால் வருவார். சனிக்கிழமை பின்னேரம் கோவில் வீதியிலே பழக்கம் தொடங்குகிறோம். மத்தளம் இன்னும் கிடைக்கவில்லை. பெயின்ட் வாளி இருக்கிறது.